வாயும் கையும் ஒரே நேரத்தில்

காதுகேளாத குழந்தைகளின் கல்வி பற்றி எழுதுகிறவர்கள் 1880ஆம் ஆண்டின் மிலான் மாநாட்டைத் தொடாமல் போவதில்லை. இத்தாலியின் மிலான் நகரில் அந்த ஆண்டு செப்டம்பரில் 164 பேர் கூடி, சைகையைவிடப் பேச்சே உயர்ந்தது என்று தீர்மானித்தார்கள். அவர்களில் காதுகேளாதவர் ஒரே ஒருவர், அமெரிக்கரான ஜேம்ஸ் டெனிசன். இது பலரும் அறிந்த கதை. அதே மாநாட்டின் இரண்டாம் தீர்மானத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பேச்சையும் சைகையையும் ஒரே நேரத்தில் கலந்து கற்பித்தால் உச்சரிப்பும் உதட்டு வாசிப்பும் கெடும், எண்ணத்தின் தெளிவும் கெடும், ஆகவே கலப்பில்லாத வாய்மொழி முறையே வேண்டும் என்றது அது. மிலானில் நடந்தது அநியாயம் என்பதில் இன்று யாருக்கும் ஐயமில்லை. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு, மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தமும் தெரிவித்துவிட்டது. ஆனால் இரண்டையும் கலக்கலாமா என்ற கேள்வி மட்டும் சாகவில்லை. மிலானில் அதைக் கேட்டவர்கள் சைகையின் எதிரிகள். நூறு ஆண்டு கழித்து அதைக் கேட்டவர்கள் சைகை மொழியின் ஆதரவாளர்கள்.

ஆசிரியர் வாயால் பேசிக்கொண்டே கையால் சைகை காட்டும்போது குழந்தைக்குப் போய்ச் சேர்வது இரண்டு மொழியா, ஒன்றா, அல்லது இரண்டிலும் பாதியா? இதுதான் கேள்வி. ஏட்டுக் கேள்வி என்று தள்ள முடியாது. தமிழ்நாட்டில் செவித்திறன் குறையுடையோருக்கான பல பள்ளிகளில் அன்றாடம் நடப்பது இதுவே. ஆசிரியர் தமிழில் பேசுகிறார். முக்கியமாகத் தோன்றும் சொல் வரும்போது கை அசைகிறது. பலகையில் ஒரு சொல் எழுதப்படுகிறது. பிறகு மீண்டும் பேச்சு. கேட்டால் ‘டோட்டல் கம்யூனிகேஷன்’ என்று பெயர் சொல்வார்கள். பேச்சும் சைகையும் ஒரே கணத்தில் நடக்கும் இந்த முறையை ஆய்வாளர்கள் ‘சிம்காம்’ என்று சுருக்கி அழைக்கிறார்கள். டோட்டல் கம்யூனிகேஷன் என்பது ஒரு கொள்கை, சிம்காம் என்பது ஒரு பழக்கம். முன்னது பின்னதாகச் சுருங்கிப்போன கதை கொஞ்சம் நீளமானது.

அதன் தொடக்கம் பாரிஸில். 1760களில் அங்கே காதுகேளாதோருக்குப் பள்ளி நடத்திய பாதிரியார் லெப்பே, தன் மாணவர்கள் தங்களுக்குள் சைகையால் சரளமாகப் பேசிக்கொள்வதைக் கண்டார். அந்தக் காலத்தில் அதை மதித்ததே பெரிய விஷயம். ஆனால் அந்தச் சைகைகளில் பிரெஞ்சு இலக்கணம் இல்லை என்பது அவருக்கு உறுத்தியது. பாலுக்கு ஒரு சைகை, காலத்துக்கு ஒரு சைகை, சொல்லுக்கு முன்னால் வரும் சிறு ஒட்டுகளுக்கு ஒரு சைகை என்று புதிதாகச் செய்து சேர்த்தார். பிரெஞ்சு வாக்கியத்தை அதே வரிசையில் கையால் காட்ட முடிந்தது. மாணவர்கள் அதைப் பார்த்துப் பிழையில்லாத பிரெஞ்சில் எழுதினார்கள். பார்வையாளர்கள் வியந்தார்கள். அதே மாணவர்களைச் சொந்தமாக நான்கு வரி எழுதச் சொன்னால் தடுமாறினார்கள். லெப்பேக்குப் பின் வந்த சிக்காரின் பள்ளியில் ஆசிரியராக இருந்த பெபியான், மாணவர்களின் சொந்தச் சைகை மொழியிலேயே கற்பித்து, பிரெஞ்சை எழுத்து மொழியாகத் தனியே கற்றுக்கொடுங்கள் என்று வாதாடினார். 1830கள் அளவில் பாரிஸிலும், அங்கிருந்து இந்த முறையைக் கொண்டுபோன அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் பள்ளியிலும் செயற்கைச் சைகைகள் கைவிடப்பட்டன. இரண்டு தலைமுறை முயன்று பார்த்து விட்ட ஒன்றை இருபதாம் நூற்றாண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கல்வித்துறைக்கு ஞாபகசக்தி குறைவு.

மிலானுக்குப் பிறகு ஏறத்தாழ 80 ஆண்டுகள் வாய்மொழி முறையின் ஆட்சி. கையைக் கட்டிக்கொண்டு உதட்டைப் பார் என்பதே பாடம். 1960களில் அமெரிக்காவில் அது ஆட்டம் கண்டது. 1964-65இல் பரவிய ரூபெல்லா தொற்றால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் காதுகேளாதவர்களாகப் பிறந்தார்கள், பள்ளிகள் நிரம்பின. காதுகேளாத பெற்றோருக்குப் பிறந்து வீட்டிலேயே சைகை மொழியில் வளர்ந்த குழந்தைகள் படிப்பில் மற்றக் காதுகேளாத குழந்தைகளை முந்துகிறார்கள் என்று கேத்ரின் மெடோ போன்றோர் காட்டினார்கள். காதுகேளாதோருக்கான கலோடெட் கல்லூரியின் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கச் சைகை மொழிக்குச் சொந்த அமைப்பு உண்டு, அது கையால் செய்த ஆங்கிலம் அல்ல என்று நிறுவியது. இந்தச் சூழலில்தான், தானும் காதுகேளாதவரான ராய் ஹோல்கம் கலிஃபோர்னியாவில் டோட்டல் கம்யூனிகேஷன் என்ற சொல்லைப் பரப்பினார். குழந்தைக்கு எது உதவுமோ அதையெல்லாம் கொடு, சைகை, பேச்சு, காதொலிக் கருவி, எழுத்து, படம் எதையும் விலக்காதே என்பது அவர் சொன்னது. பிள்ளையை மையமாக வைத்த நல்ல கொள்கை. வகுப்பறைக்குள் நுழைந்ததும் அது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய் என்று மாறிவிட்டது.

பேச்சோடு சேர்ந்து ஓட வேண்டுமானால் சைகை பேச்சின் வரிசையில் வர வேண்டும். அதற்காகச் சைகைக் குறியீடுகள் பிறந்தன. டேவிட் ஆண்டனி 1966இல் ஒன்றைத் தொடங்கினார். ஜெரிலீ கஸ்டசனும் அவர் கூட்டாளிகளும் 1972இல் வெளியிட்ட ‘சைனிங் எக்ஸாக்ட் இங்கிலிஷ்’ பரவலாகப் பள்ளிகளுக்குள் போனது. அதில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு உச்சரிப்பு, எழுத்து, பொருள் மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் ஒரே சைகை. ஆகவே மனிதன் ஓடுவதற்கும், மூக்கு ஒழுகுவதற்கும், தேர்தலில் நிற்பதற்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ என்பதால் கைக்கும் ஒரே சைகைதான். சைகை மொழியில் இவை மூன்றும் வெவ்வேறு. சைகை மொழி ஒரு மொழி என்று அறிவியல் நிறுவிய அடுத்த பத்தாண்டுக்குள், அதன் சொற்களை மட்டும் பிடுங்கி ஆங்கில இலக்கணத்தில் நட்டார்கள். ஸ்டோக்கியைப் படித்தவர்கள் குறைவு, வரவேற்றவர்கள் அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதே காலத்தில் ஓரின் கார்னெட் 1966இல் உருவாக்கிய ‘கியூட் ஸ்பீச்’ வேறு வகை. அது சைகையே அல்ல, உதட்டில் ஒன்றுபோலத் தெரியும் ஒலிகளைப் பிரித்துக் காட்டும் கைக்குறி. அதை இங்கே விட்டுவிடலாம்.

குறியீடுகளின் முதல் தடை வேகம். அர்சுலா பெல்லுகியும் சூசன் ஃபிஷரும் 1972இல் ஓர் எளிய அளவீடு செய்தார்கள். நாக்கு ஒரு நொடியில் நான்கைந்து சொல்லைச் சொல்லிவிடுகிறது, அதே நொடியில் கையால் முடிவது இரண்டு மூன்று சைகை. ஆனாலும் ஒரு கருத்தை முழுதாகச் சொல்ல இரு மொழிக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது. காரணம், சைகை மொழி சொற்களைக் கோவையாகக் கோப்பதில்லை. யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் நகர்கிறது, எப்படி நகர்கிறது, முகம் என்ன சொல்கிறது என்பதையெல்லாம் ஒரே அசைவில் அடுக்கிவிடும். பேச்சின் ஒவ்வொரு உருபுக்கும் ஒரு சைகை வைத்தால் இந்தச் சிக்கனம் போய்விடும். அப்போது ஆசிரியருக்கு இரண்டே வழி. பேச்சை இழுத்து இழுத்துப் பேச வேண்டும், அல்லது சைகையை விட்டுவிட வேண்டும். பாடத்தை முடிக்க வேண்டிய ஆசிரியர் எதை விடுவார் என்று சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு விடுகிறார் என்பதை 1979இல் குளோரியா மார்மரும் லாரா பெட்டிட்டோவும் அளந்தார்கள். கைதேர்ந்தவர்கள் என்று கருதப்பட்ட இரண்டு ஆசிரியர்களின் வகுப்புகளைப் பதிவுசெய்து, வாய் சொன்னதையும் கை சொன்னதையும் தனித்தனியே எழுதி ஒப்பிட்டார்கள். வாயிலிருந்து வந்தது ஒழுங்கான ஆங்கிலம். கையிலிருந்து வந்தவற்றில் அந்த ஆங்கிலத்தோடு அப்படியே பொருந்தியவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எழுவாய் காணோம், காலம் காணோம், இணைப்புச் சொற்கள் காணோம். ஆங்கிலமும் இல்லை, சைகை மொழியும் இல்லை. இந்த ஆய்வுக்கு மறுப்புகள் வந்தன, அவற்றில் நியாயமும் இருந்தது. இரண்டு பேரை வைத்து ஊரைச் சொல்லலாமா என்று கேட்டார்கள். 1990இல் மேயரும் லோவன்பிரானும், அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஹைடும் பவரும், முறையான பயிற்சியும் உறுதியும் இருந்தால் ஆசிரியர்களால் பேச்சைக் கையில் இதைவிட நன்றாகவே கொண்டுவர முடியும் என்று காட்டினார்கள். முடியும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குத் தேவைப்படும் கவனமும் கண்காணிப்பும் சாதாரணப் பள்ளியின் சாதாரண செவ்வாய்க்கிழமையில் கிடைக்குமா என்பதற்கு அந்த ஆய்வுகளில் பதில் இல்லை.

இதைவிட முக்கியமான சாட்சி குழந்தைகளிடமிருந்து வந்தது. சாம் சுபல்லா 1991இல், செயற்கைக் குறியீட்டை மட்டுமே பார்த்து வளர்ந்த, சைகை மொழி பேசும் யாரையும் அறியாத குழந்தைகளைக் கவனித்தார். அவர்கள் ஆசிரியர் காட்டியதை அப்படியே திருப்பிக் காட்டவில்லை. வினைகளை வெளியில் இடம் பிரித்து, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகர்த்திக் காட்டத் தொடங்கியிருந்தார்கள். சைகை மொழிகள் செய்வதைத் தாமாகவே செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு பிரெண்டா ஷிக்கும் மேரி பாட் மோலரும், நன்றாகக் குறியீடு கற்ற குழந்தைகளின் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்தை ஒட்டி நன்றாகவே வந்திருப்பதையும், சொல்லின் வால்பகுதியான உருபுகளும் காலமும் எண்ணும் வராமலே போயிருப்பதையும் கண்டார்கள். கண்ணால் மொழி கற்கும் மூளை சிலவற்றை எடுத்துக்கொள்கிறது, சிலவற்றைத் துப்பிவிடுகிறது. துப்புவது எதையெதை என்று பார்த்தால், நாக்குக்கு எளிதாகவும் கைக்குப் பாரமாகவும் இருக்கும் சிறு துண்டுகளை.

தமிழுக்கு வந்தால் இந்தச் சிறு துண்டுகள்தான் பெரும்பகுதி. ‘அக்கா தம்பிக்குப் புத்தகத்தைக் கொடுத்துட்டாளாம்’ என்று ஆசிரியர் சொல்கிறார். கூடவே கை காட்டுவது அக்கா, தம்பி, புத்தகம், கொடு. நான்காம் வேற்றுமை போயிற்று, இரண்டாம் வேற்றுமை போயிற்று. நடந்து முடிந்துவிட்டது என்பது போயிற்று, பெண் என்பது போயிற்று, யாரோ சொல்லக் கேட்டது என்பதும் போயிற்று. கொடுத்தது யார், வாங்கியது யார் என்பதே குழந்தையின் ஊகத்துக்கு விடப்படுகிறது. இந்தியச் சைகை மொழியில் இதே செய்தியைச் சொல்பவர் அக்காவை ஒரு பக்கமும் தம்பியை இன்னொரு பக்கமும் நிறுத்துவார். கொடு என்ற சைகை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகரும், முடிந்துவிட்டது என்பதற்கு அதன் பின்னால் தனிச் சைகை வரும். எதுவும் தொலையாது. பேசிக்கொண்டே காட்டுகிறவரின் கொடு மட்டும் மார்புக்கு நேரே, யாரிடமிருந்து யாருக்கு என்று தெரியாமல், அந்தரத்தில் நிற்கிறது.

எதிர்மறையும் வினாவும் இன்னும் ஆபத்தானவை. தமிழ் இரண்டையும் வினைச்சொல்லுக்குள்ளேயே ஒளித்துவைக்கும். ‘மழையில நனையாதீங்க’ என்பதற்குக் கை மழை, நனை என்று மட்டும் காட்டினால், குழந்தை பார்த்தது கட்டளைக்கு நேர் எதிரானது. ‘சாப்பிட்டாச்சா?’ என்பதில் கேள்வி முழுவதும் ஓர் ஆகாரத்தில் இருக்கிறது. சைகை மொழியில் மறுப்புக்குத் தனிச் சைகை வாக்கியத்தின் கடைசியில் வரும், தலையும் அசையும். ஆமாம், இல்லை என்று பதில் கேட்கும் வினாவுக்குப் புருவம் உயரும். பேசிக்கொண்டிருக்கிறவரின் முகமும் வாயும் பேச்சின் வேலையில் இருக்கின்றன, சைகை மொழியின் வேலையைச் செய்ய அவற்றுக்கு ஓய்வில்லை. சொல்வரிசையைப் பார்த்தால் தமிழாசிரியர் ஆங்கில ஆசிரியரைவிட அதிர்ஷ்டசாலிதான். இரு மொழிகளிலும் வினை கடைசியில் வருவதால் சொற்களை மாற்றி அடுக்கும் சிரமம் குறைவு. ஆனால் இந்த ஒற்றுமையே ஒரு மயக்கத்தைத் தருகிறது. வரிசை பொருந்துவதால் வாக்கியமும் பொருந்திவிட்டது என்ற மயக்கம்.

உதட்டைப் பார்த்து விட்டதைப் பிடித்துக்கொள்ளட்டும் என்பார்கள். பாடு, மாடு இரண்டையும் கண்ணாடி முன் நின்று ஒலியில்லாமல் சொல்லிப் பாருங்கள், உதட்டில் வேறுபாடு தெரியாது. க, ங, ண, ள, ற எல்லாம் வாய்க்குள்ளேயே நடக்கின்றன. தமிழ் உருபுகளில் பாதி வாய்க்குள் பிறப்பவை. ஏற்கெனவே மொழி தெரிந்தவருக்கு உதட்டு வாசிப்பு கைகொடுக்கும். மொழியையே உதட்டிலிருந்து கற்றுக்கொள் என்பது வேறு.

இதில் நம் ஊருக்கே உரிய இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஆசிரியர் பேசுவது பேச்சுத் தமிழ், பாடப்புத்தகத்தில் இருப்பது எழுத்துத் தமிழ். ‘போயிட்டான்’ என்று கேட்டு வளர்ந்த குழந்தை ‘போய்விட்டான்’ என்று படிக்கும்போது தன் காதிலிருக்கும் வடிவத்தோடு பொருத்திக்கொள்கிறது. காதுகேளாத குழந்தைக்குப் பொருத்திக்கொள்ள எதுவுமில்லை. பேச்சோடு சேர்ந்து வரும் அரைகுறைச் சைகை அதற்குப் பேச்சுத் தமிழையும் தரவில்லை, எழுத்துத் தமிழையும் தரவில்லை. பத்தாண்டு பள்ளிக்குப் போனபின்னும் ஒரு மனுவைச் சொந்தமாக எழுதத் தயங்கும் இளைஞர்களைப் பார்த்துச் சமூகம் அவர்களின் அறிவைக் குறைவாக எடைபோடுகிறது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வின்போது இவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு தரப்படுகிறது. அது கருணையான ஏற்பாடு, மறுக்கவில்லை. மொழியைத் தர முடியாத வகுப்பறை கடைசியில் மொழித்தேர்வைத் தள்ளுபடி செய்கிறது என்றும் அதைப் படிக்கலாம்.

இவ்வளவு தொலைகிறதே, ஆசிரியர்களுக்கு ஏன் தெரிவதில்லை? அவர்கள் சோம்பேறிகள் என்பதால் அல்ல. தாம் பேசுவது தமக்குக் கேட்கிறது, அதனால்தான். காது வாக்கியத்தை முழுதாக வாங்கிக்கொள்வதால், கை விட்ட இடங்களை மனம் தானே நிரப்பிவிடுகிறது. பார்வையிட வரும் கல்வி அதிகாரிக்கும் அப்படியே. 1989இல் கலோடெட்டின் ஜான்சன், லிடல், எர்ட்டிங் மூவரும் எழுதிய அறிக்கை இதைக் கூர்மையாகச் சொன்னது. நடப்பது சைகைவழிக் கல்வி அல்ல, சைகையின் துணையோடு நடக்கும் பேச்சுவழிக் கல்வி, வாய்மொழி முறையே முகமூடி போட்டு உட்கார்ந்திருக்கிறது என்றார்கள் அவர்கள். 2009இல் டெவனலும் வில்லனுவேவாவும் சிம்காம் முறையில் தரப்பட்ட செய்தியைக் காதுகேளாதோர், கேட்கும் திறன் குறைந்தோர், கேட்போர் ஆகிய மூன்று குழுவினருக்குக் காட்டிச் சோதித்தார்கள். மூவருக்கும் போய்ச் சேர்ந்தது ஒரே செய்தி அல்ல. ஒலியையே நம்பமுடியாதவர்களுக்கு மிஞ்சியது குறைவு. இதைச் சோதிக்கப் பல்கலைக்கழகம் தேவையில்லை. உங்கள் வகுப்பை அலைபேசியில் பத்து நிமிடம் பதிவுசெய்து, ஒலியை நிறுத்திவிட்டு, பாடம் தெரியாத ஒரு காதுகேளாத பெரியவரிடம் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டால் போதும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு வகுப்பில் இருக்கும் எட்டுப் பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்குக் கருவி வைத்தால் நன்றாகக் கேட்கும், ஒருவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது, ஒருவர் எட்டு வயதில் முதன்முறையாகப் பள்ளிக்கு வந்தவர். எல்லோருக்கும் ஒரே ஆசிரியர். பேசாமல் இருந்தால் கேட்கும் பிள்ளையின் பேச்சு நின்றுபோகும், கை அசைக்காவிட்டால் மற்றவர் வெறுமனே உட்கார்ந்திருப்பார். இரண்டையும் சேர்த்துச் செய்வது அந்த ஆசிரியருக்குத் தோன்றும் நியாயமான சமரசம். பெரும்பாலான காதுகேளாத குழந்தைகள் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அமெரிக்கக் கணக்கில் அது நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். அந்தத் தாய் ஒரு சைகை மொழியின் இலக்கணம் முழுவதையும் கற்று முடிக்கும்வரை குழந்தையோடு பேசாமல் இருக்க முடியாது. பால், தூக்கம், வலி, வா, வேண்டாம் என்று பேசிக்கொண்டே கையும் காட்டட்டும், அது நல்லது. காதுகேளாத பெற்றோரிடம் வளர்ந்த கேட்கும் பிள்ளைகள்கூடத் தமக்குள் பேசும்போது பேச்சோடு சைகையைக் கலக்கிறார்கள் என்று கேரன் எமோரியின் 2008 ஆய்வு காட்டியது. ஆனால் அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அவர்கள் பேச்சு வாக்கியத்தின் மேல் ஓரிரு சைகைகளைத் தூவுகிறார்கள், இரண்டு இலக்கணங்களைச் சரிசமமாக ஓட்டுவதில்லை. இரு மொழியும் பிறவியிலிருந்தே தெரிந்தவர்களாலேயே செய்யப்படாததை, மூன்று மாதச் சைகைப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரிடம் எதிர்பார்க்கிறோம். பிரிட்டனில் உருவாகி, இன்று அறிவுசார் குறைபாடுள்ள, கேட்கும் திறனுள்ள குழந்தைகளிடம் பரவலாகப் பயன்படும் ‘மக்கட்டான்’ போன்ற முறைகள் முக்கியச் சொல்லுக்கு மட்டும் சைகை காட்டுவதையே நோக்கமாகக் கொண்டவை. அங்கே பேச்சு காதுக்குள் போகிறது, கை ஊன்றுகோல். அதே ஊன்றுகோலைப் பேச்சே போகாத குழந்தையிடம் கொடுத்துவிட்டு நட என்பதுதான் சிக்கல்.

உள்காதில் பொருத்தும் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் வந்தபிறகு விவாதம் இன்னும் சூடாகிவிட்டது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. பொருத்தியபின் பல பெற்றோருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, இனிக் கையைக் காட்டாதீர்கள் என்பது. அதற்கு ஆதாரமாக 2017இல் ஆன் கியர்ஸ் குழு 97 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வைக் காட்டுவார்கள். சைகையில்லாமல் வளர்ந்தவர்களின் பேச்சு மேலானதாக இருந்தது என்றது அது. அதில் சைகை என்று கணக்கிடப்பட்டவை பெரும்பாலும் கேட்கும் பெற்றோர் புதிதாகக் கற்ற, பேச்சோடு கலந்த வகைகள் என்றும், பேச்சு வராத குழந்தைகளின் குடும்பங்களே சைகையை விடாமல் தொடர்ந்திருக்கலாம், எது காரணம் எது விளைவு என்று பிரிக்கப்படவில்லை என்றும் விமர்சகர்கள் மறுத்தார்கள். 2014இல் டேவிட்சன், லில்லோ-மார்ட்டின், சென் பிச்லர் மூவரும், காதுகேளாத பெற்றோரிடம் முழுமையான சைகை மொழியில் வளர்ந்து இம்ப்ளான்ட்டும் பெற்ற ஐந்து குழந்தைகளைச் சோதித்தார்கள். பேச்சாங்கிலத்தில் அவர்கள், காதுகேளாத பெற்றோரின் கேட்கும் பிள்ளைகளுக்கு இணையாக இருந்தார்கள். ஐந்து பேர் சிறு எண்ணிக்கை, அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் சைகை மொழி பேச்சைக் கெடுக்கும் என்ற பயமுறுத்தலுக்கு அது போதுமான பதில். அரைச்சைகை பேச்சுக்கு உதவுமா என்பது இன்னும் திறந்தே இருக்கும் கேள்வி.

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி செவித்திறன் குறையுடையோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். 1970களின் இறுதியில் மதன் வசிஷ்டாவும் ஜேம்ஸ் உட்வர்டும் சகாக்களும் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களின் சைகைகளைத் திரட்டி, இவை ஒரே மொழிக் குடும்பத்தின் வழக்குகள் என்றார்கள். உல்ரிக்க செஷான் அதன் இலக்கணத்தை எழுதினார். 2015இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் வந்தது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கி, 2021இல் 10,000ஐத் தொட்டது. பாடநூல்களைச் சைகை மொழிக்கு மாற்ற 2020 அக்டோபரில் என்.சி.இ.ஆர்.டி.யோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. புதிய கல்விக் கொள்கையும் சைகை மொழியை ஏற்கிறது. எல்லாம் வரவேற்க வேண்டியவை. ஆனால் ஓர் அச்சம் உண்டு. அகராதி ஒரு மொழியின் சொற்களைத் தரும், மொழியைத் தராது. ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் ஒரு சைகையை அகராதியிலிருந்து எடுத்துப் பேச்சோடு ஒட்டினால் லெப்பேயின் பிழை திருநெல்வேலியிலும் திருப்பூரிலும் திரும்ப நடக்கும். மலேசியா இதற்குக் கண்முன் உள்ள உதாரணம். 1970களின் பிற்பகுதியில் அங்கே டோட்டல் கம்யூனிகேஷன் கொள்கையோடு மலாய் மொழிக்கான கைக்குறியீடு பள்ளிகளுக்குள் வந்தது. 2008இன் சட்டம் அங்கீகரித்ததோ காதுகேளாதோர் தமக்குள் பேசும் மலேசியச் சைகை மொழியை. வகுப்பில் ஒன்று, வெளியே ஒன்று என்ற பிளவு நீண்டகாலம் நிலவியது. அங்குள்ள தமிழ்க் குடும்பத்துக் குழந்தைக்கு வீட்டில் தமிழ் உதடுகள், பள்ளியில் மலாய்க் கைகள், நண்பர்களிடம் மட்டும் மொழி.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் பயன்படுத்துங்கள், ஒரே கணத்தில் பயன்படுத்தாதீர்கள். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு நேரம் ஒதுக்கி அப்போது கையைக் கீழே இறக்குங்கள். பாடம் நடத்தும்போது வாயை மூடி முழுச் சைகை மொழியில் நடத்துங்கள். எழுத்துத் தமிழைப் பலகையில் தனியே காட்டி, சொல்லைத் தொட்டு, அதற்குரிய சைகையைக் காட்டி, மறுபடி சொல்லைத் தொட்டு இணையுங்கள். காதுகேளாத ஆசிரியர்கள் உலகம் முழுவதும் இயல்பாகச் செய்வது இதைத்தான் என்று ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. இந்தியச் சைகை மொழியின் விரலெழுத்து ஆங்கில எழுத்துக்கானது என்பதால் தமிழ்வழி வகுப்பில் பலகையின் பங்கு இன்னும் அதிகம். பிள்ளைகளை அரைவட்டமாக உட்காரவையுங்கள், ஒருவர் கையை மற்றவர் பார்க்க வேண்டும். பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாதீர்கள். குழந்தை புத்தகத்தைப் பார்க்கும்போது சைகை காட்டாதீர்கள், அதற்கு இருப்பது ஒரு ஜோடிக் கண். ஸ்வீடன் 1981இல் சைகை மொழியை அங்கீகரித்து 1983இலிருந்து பள்ளிகளை இருமொழி வழிக்கு மாற்றியபோது இந்தப் பிரிவினையைத்தான் அடித்தளமாக வைத்தது. கேட்கும் திறன் நன்றாக மிஞ்சியிருக்கும் பிள்ளைக்குப் பேச்சோடு சேர்ந்த சைகை பயன்படும், மறுக்கவில்லை. அது அந்தப் பிள்ளைக்கான ஏற்பாடு, வகுப்புக்கே பொதுமொழி அல்ல.

இதற்கெல்லாம் முதல் நிபந்தனை, சைகை மொழியைத் தாய்மொழிபோலப் பேசும் ஒருவர் வகுப்பில் இருப்பது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சைகை மொழியில் தேர்ந்த, தாமே மாற்றுத்திறனாளிகளான ஆசிரியர்களையும் சேர்த்துப் பயிற்சி தந்து பணியமர்த்த வேண்டும் என்று அரசுகளுக்குச் சொல்கிறது. தமிழ்நாடு அரசு, செவித்திறன் குறையுடையோருக்கான தன் பள்ளிகள் ஒவ்வொன்றிலும், மேல்வகுப்பில் அல்ல, ஒன்றாம் வகுப்பில், அப்படி ஒரு காதுகேளாத ஆசிரியரை நியமிப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.